6 இடத்துக்கு அமைச்சர் பதவி, 20 இடத்துக்கு ஒன்றுமில்லை: 1952-ம் 1967-ம்

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

ரெண்டு சட்டமன்றத் தேர்தல், ரெண்டுமே நம்ம மாநிலத்தில் நடந்தவை. முதலாவது 1952. காங்கிரசுக்கு விழுந்த ஓட்டு கிட்டத்தட்ட 35 சதவீதம். 375 இடத்தில் 152 கிடைத்தது, ஆட்சியும் கிடைத்தது. அடுத்தது 1967. அதே காங்கிரசுக்கு 41 சதவீத ஓட்டு. 234 இடத்தில் 51 மட்டும்தான் வந்தது, ஆட்சி போச்சு.

அதாவது ஓட்டு சதவீதம் ஏறியிருக்கு, இடமும் ஆட்சியும் போயிருக்கு. பள்ளிக்கூடத்தில் 35 மார்க் எடுத்தப்போ பாஸ் போட்டு, 41 எடுத்தப்போ ஃபெயில் போட்ட மாதிரி. இது எப்படி நடந்தது என்பதுதான் இன்றைய கதை. கூட்டணி என்றால் தொகுதிப் பங்கீடு, பேச்சுவார்த்தைக் குழு, கடைசி நேர இழுபறி என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனா கூட்டணியை ஓட்டுக்கு முன்னாடி அமைக்கிறாங்களா, பின்னாடி அமைக்கிறாங்களா என்பதைப் பொறுத்து உங்க ஓட்டோட அர்த்தமே மாறிடும். அதைப் புரிந்துகொள்ள இந்த ரெண்டு தேர்தலை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

ஜெயிக்க எவ்வளவு வேணும்?

முதல்ல விதியைப் பார்த்துடலாம். ஒரு ஹாஸ்டல்ல மெஸ் செயலாளர் தேர்தல்னு வச்சுக்கோங்க. 100 பேர் ஓட்டு, ஐந்து பேர் போட்டி. ஒருத்தருக்கு 28, மத்தவங்களுக்கு 26, 22, 14, 10. 28 வாங்கினவர் ஜெயிச்சார். மீதி 72 பேர் அவருக்கு ஓட்டுப் போடல என்பது கணக்கிலேயே வராது. தொகுதியில் யார் முன்னாடி நிற்கிறாரோ அவர் வெற்றி பெற்றவர், அவ்வளவுதான். நம் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் இதுதான் முறை.

இதுக்கு மாற்று ஒண்ணு உண்டு, விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். 35 சதவீத ஓட்டு வாங்கினா ஏறக்குறைய 35 சதவீத இடம். அரசியல் நிர்ணய சபையில் சில உறுப்பினர்கள் இதைக் கேட்டார்கள், குறிப்பாக முஸ்லிம் லீக் தரப்பினர். அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தறிவு குறைவாக இருக்கும் நாட்டில் அது சிக்கலான முறை, சபை துண்டு துண்டாக உடைந்தால் நிலையான அரசு அமையாது என்பது அவர் வாதம். எளிமையான முறையே நிலைத்தது.

ஆனா வேடிக்கை என்னன்னா, நிலையான அரசைத் தரும் என்று தேர்ந்தெடுத்த அந்த முறை, முதல் தேர்தலிலேயே சென்னை மாநிலத்தில் யாருக்கும் பெரும்பான்மை தரவில்லை.

1952: யாரும் ஜெயிக்காத தேர்தல்

அப்போதைய சென்னை மாநிலம் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திராவின் கடலோர மாவட்டங்கள், ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. 21 வயது நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது முதல்முறை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டும் என்பதால் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலையே இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதன் மேல் சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய காளைகள், கம்யூனிஸ்ட்டுகளுக்குக் கதிர் அரிவாள், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம் இன்றைக்குக் கேட்டால் ஆச்சரியமா இருக்கும். சில தொகுதிகளில் ரெண்டு உறுப்பினர்கள். ஒருவர் பொது, இன்னொருவர் தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி சமூகத்தவர். அங்கே வாக்காளருக்கு ரெண்டு ஓட்டு. ரெண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. இந்த இரட்டை உறுப்பினர் தொகுதிகளை 1961-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள்.

சரி, முடிவு என்ன? காங்கிரஸ் 152. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 62. சுயேச்சைகளும் 62. கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19. கிரிஷிகார் லோக் கட்சி 15. சோஷலிஸ்ட் கட்சி 13. காமன்வீல் கட்சி 6. முஸ்லிம் லீக் 5. இன்னும் சில சின்னக் கட்சிகள். பெரும்பான்மைக்கு 188 வேணும். யாரிடமும் இல்லை.

காங்கிரசுக்கு இது பெரிய அடி. விடுதலை வாங்கித் தந்த கட்சி என்ற பெயர் இன்னும் சூடாக இருந்த நேரம். ஆனாலும் முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். பக்தவத்சலமும் தோற்றார். உணவுப் பஞ்சம், ரேஷன் கட்டுப்பாடு, தனி ஆந்திரா கோரிக்கை இழுத்துக்கொண்டே போனது எல்லாம் சேர்ந்து தாக்கியது. தெலுங்கு மாவட்டங்களிலும் மலபாரிலும் சரிவு கடுமை. இந்தப் பக்கம் மதுரையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

ஓட்டுக்குப் பிறகு நடந்த கூட்டல்

முடிவு வந்ததும் எதிர்க்கட்சிகள் ஒன்று சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றை அமைத்தன. தலைவர், ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம். தன் பக்கம் 166 பேர் இருப்பதாக ஆளுநரிடம் உரிமை கோரினார். காங்கிரசைவிட அதிகம்தான், ஆனா 188 இல்லை.

காங்கிரஸ் தரப்பில் ஒரு பெயர் வந்தது: ராஜாஜி. வயது 73. 1937-லேயே சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் என்று எல்லாம் பார்த்துவிட்டு ஓய்வில் இருந்தார். சிக்கல் என்னன்னா, அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரை மேலவைக்கு நியமன உறுப்பினர் ஆக்கினார். இலக்கியம், கலை, சமூக சேவை போன்றவற்றில் சிறந்தவர்களுக்கான நியமன இடம் அது. ராஜாஜி எழுத்தாளர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனா அவரை எழுத்தாளர் என்பதற்காகக் கூப்பிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1952 ஏப்ரல் 10 அன்று முதலமைச்சர் ஆனார்.

நேருவுக்கே இது பிடிக்கவில்லை. எப்படியாவது பதவியில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறோம் என்று மக்கள் நினைப்பார்கள் என்பது அவர் கவலை. இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்கு வாருங்கள் என்றார். ராஜாஜி கேட்கவில்லை. பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார். வழக்கு தள்ளுபடியானது.

அடுத்து எண்ணிக்கை. 152-ஐ 188 ஆக்க வேணும். முஸ்லிம் லீகின் 5 பேர் ஆதரவு. காமன்வீல் கட்சியின் 6 பேர் ஆதரவு. அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 பேரோடு வெளியிலிருந்து ஆதரித்தது. கூட்டிப் பாருங்க, 182. மீதி சுயேச்சைகளிலிருந்தும் எதிர்வரிசையிலிருந்தும் வந்தது. ஜூலை 3 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 200, எதிர்ப்பு 151. ராஜாஜி ஜெயித்தார்.

அந்த 25 இடத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள்

இங்கே கொஞ்சம் நின்னு யோசிக்கணும்னு எனக்குத் தோணுது. காமன்வீலும் உழைப்பாளர் கட்சியும் வட தமிழ்நாட்டில் வன்னியர் சமூகத்தை அடித்தளமாகக் கொண்ட கட்சிகள். வட ஆற்காடு, செங்கல்பட்டு பக்கம் ஒன்று, தென் ஆற்காடு பக்கம் இன்னொன்று. காங்கிரசில் எங்களுக்கு இடம் இல்லை என்ற கோபத்தில் உருவானவை. 1952 தேர்தலில் திமுக நேரடியாக நிற்கவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்போம் என்று உறுதி கொடுத்தவர்களுக்கு ஆதரவு தந்தது. இந்த ரெண்டு கட்சிகளுக்கும் அந்த ஆதரவு கிடைத்தது.

அதாவது தென் ஆற்காட்டில் ஒருவர் காங்கிரசைத் தோற்கடிக்க வேண்டும் என்று உழைப்பாளர் கட்சிப் பெட்டியில் சீட்டைப் போட்டிருக்கிறார். மூன்று மாதம் கழித்து பார்த்தால் அவர் ஓட்டு காங்கிரஸ் அரசைத் தாங்கிப் பிடிக்கும் தூண். அவரை யாரும் கேட்கவில்லை. திமுக ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனா கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தச் சமூகத்துக்கு அரசாங்கத்தில் இடம் வேண்டும் என்பதுதானே அந்தக் கட்சிகள் பிறந்த காரணம்? வருவாய்த் துறை மாணிக்கவேலு நாயக்கர் கைக்கு வந்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனபோது படையாட்சியாரும் அமைச்சரானார். எதிர்க்கட்சி வரிசையில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தா இது கிடைத்திருக்குமா? இது துரோகமா, பேரமா, பிரதிநிதித்துவமா? நீங்க எந்த இடத்தில் நின்று பார்க்கிறீங்க என்பதைப் பொறுத்து பதில் மாறும். பிறகு ரெண்டு கட்சிகளுமே காங்கிரசில் கரைந்துவிட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

ராஜாஜி பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். தெலங்கானா ஆயுதப் போராட்டம் முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கம்யூனிஸ்ட்டுகள் பெரும் பங்கு வகிக்கும் ஓர் அரசு வருவதை அவர் ஆபத்தாகவே பார்த்தார். கம்யூனிஸ்ட்டுகள்தான் என் முதல் எதிரி என்று வெளிப்படையாகவே சொன்னவர். அந்த ஐக்கிய முன்னணியும் மக்கள் தேர்ந்தெடுத்த கூட்டணி இல்லை, தேர்தலுக்குப் பிறகு ஒட்டவைத்ததுதான். "65 சதவீதம் பேர் காங்கிரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள்" என்று சொல்வது எளிது. அந்த 65 சதவீதம் பேரும் ஒரே ஆட்சியைக் கேட்டார்களா என்றால், இல்லை.

1967: ஓட்டுக்கு முன்னாடி கூட்டல்

இப்போ 15 வருஷம் தாண்டுவோம். இடையில் 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா தனியாகப் போனது. குலக்கல்வித் திட்ட எதிர்ப்பில் ராஜாஜி பதவி விலகினார். 1954-லிருந்து 63 வரை காமராஜர் ஆட்சி, பிறகு பக்தவத்சலம்.

1962 தேர்தலைப் பார்த்தா பாடம் தெளிவா இருக்கும். காங்கிரசுக்கு 46 சதவீத ஓட்டு, 206 இடத்தில் 139. திமுகவுக்கு 27 சதவீதம், 50 இடம். காங்கிரசிலிருந்து வெளியேறி ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சிக்கு 6 இடம். எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒரே அணியில் இல்லாததால் எதிர் ஓட்டு சிதறியது. அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். அரசுக்கு எதிரான ஓட்டு பாதிக்கு மேல் இருந்தும் காங்கிரசுக்கு வசதியான பெரும்பான்மை.

அண்ணா இந்தக் கணக்கை நன்றாகப் படித்தார். 1967-க்கு முன்பே கூட்டணி கட்டினார். யார் யார் தெரியுமா? வலதுசாரி சுதந்திராக் கட்சி, அதன் தலைவர் ராஜாஜி. இடதுசாரி மார்க்சிஸ்ட் கட்சி, அதில் பி. ராமமூர்த்தி. கூடவே முஸ்லிம் லீக், சோஷலிஸ்ட்டுகள், ம.பொ.சி.

1952-ல் ஒருவர் முதலமைச்சர், இன்னொருவர் அவர் நியமனத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர். முதல் எதிரி என்று ஒருவரை ஒருவர் பார்த்தவர்கள். இப்போ ஒரே அணி. கொள்கை ஒத்துப்போனதா? சத்தியமா இல்லை. ஒத்துப்போனது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தொகுதிக்கு காங்கிரசுக்கு எதிராக ஒரே வேட்பாளர். இதைத்தான் தொகுதி உடன்பாடு என்கிறோம். முன்னால் இருப்பவரே வெற்றி என்ற முறையில், எதிரில் நிற்பவர் எத்தனை துண்டாக உடைந்திருக்கிறார் என்பதே உங்க பலம். அந்த வசதியை காங்கிரசிடமிருந்து அண்ணா பறித்தார்.

கூட்டல் கழித்தல் மட்டுமே 1967-ஐ விளக்கிவிடும் என்று நான் சொல்ல வரல. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், அதை அரசு அடக்கிய விதம், அரிசித் தட்டுப்பாடு, தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னாடி எம்.ஜி.ஆர். சுடப்பட்டது எல்லாம் இருக்கு. விருதுநகரில் காமராஜரையே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 ஓட்டில் தோற்கடித்த தேர்தல் அது. ஆனாலும் 1962-லிருந்து காங்கிரஸ் இழந்த ஓட்டு ஐந்து சதவீதம்தான். ஐந்து சதவீத இறக்கத்துக்கு 139 இடம் 51 ஆனது என்றால், அங்கே கூட்டணியின் வேலை தெரிகிறது.

திமுகவுக்கும் 41 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழேதான் ஓட்டு, காங்கிரசைவிட ஒரு துளி குறைவு. அது எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லை, தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. வந்த இடம் 137. கூட்டணி ஓட்டை மொத்தமாகக் கூட்டினால் பாதிக்கு மேல் வருது. அந்த வகையில் 1967 ஆட்சி மாற்றத்தில் ஒரு நேர்மை இருக்கு. ஓட்டுப் போடும்போதே யார் யாரோடு நிற்கிறார் என்று மக்களுக்குத் தெரியும். தெரிந்தே போட்டார்கள்.

தேவைப்படுகிறவருக்குத்தான் பங்கு

இப்போ தலைப்புக்கு வரேன். 1967-ல் சுதந்திராக் கட்சிக்கு 20 இடம், மார்க்சிஸ்ட்டுகளுக்கு 11. அமைச்சரவையில் எத்தனை பேர்? ஒருத்தரும் இல்லை. திமுகவுக்கு 118 போதும், கையில் 137 இருந்தது. தனி ஆட்சி.

1952-ல் 6 இடம் வைத்திருந்த மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சர். 1967-ல் 20 இடம் வைத்திருந்த ராஜாஜியின் கட்சிக்கு நாற்காலி இல்லை. உங்ககிட்ட எத்தனை இடம் இருக்கு என்பது முக்கியமே இல்லை. அந்த இடம் இல்லாம அவங்களால ஆள முடியுமா என்பதுதான் முக்கியம். கூட்டணி அரசியலில் சின்னக் கட்சியின் விலை இப்படித்தான் முடிவாகுது. தேர்தலுக்கு முன்னாடி எல்லாருக்கும் அவங்க வேணும். எண்ணி முடிச்ச சாயங்காலம்தான் அவங்களோட உண்மையான பலம் தெரியும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1967-ல் விகிதாச்சார முறை இருந்திருந்தா? காங்கிரசுக்கும் திமுகவுக்கும் ஆளுக்கு 95 இடத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும். அண்ணாவுக்கு ராஜாஜியும் வேணும், ராமமூர்த்தியும் வேணும். அந்த மூணு கட்சியும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்து நில உச்சவரம்பு பற்றிப் பேசுவதை நினைச்சுப் பாருங்க. ஆட்சி ஆறு மாதத்தில் கவிழ்ந்திருக்கலாம், இல்லன்னா எல்லாரும் விட்டுக்கொடுத்து வேறொரு அரசியலே உருவாகியிருக்கலாம். விதி மாறினா கட்சிகளும் மக்களும் வேற மாதிரி நடந்துப்பாங்க என்பதால், இந்தக் கணக்கை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது.

தேவைப்பட்டும் அமைச்சரவையில் இடம் கிடைக்காமல் போன சம்பவமும் உண்டு. 2006-ல் திமுகவுக்கு 96 இடம்தான், பெரும்பான்மை இல்லை. 34 இடம் வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரித்தது. ஐந்து வருஷம் ஓடியது. ஏன் இங்கே பங்கு கேட்டு முறுக்கிக்கொள்ளவில்லை? அப்போது டெல்லியில் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சிக்கு திமுக தேவை. ஒரு ஊரில் கொடுத்ததை இன்னொரு ஊரில் வாங்கிக்கொண்டார்கள். பேரம் எப்பவும் நடக்கும். எந்த மேஜையில் நடக்குது என்பதுதான் மாறும்.

இன்றைக்கு 1952 நடந்தா?

1952 எழுப்பிய கேள்விகளுக்கு நாடு மெதுவாகத்தான் பதில் எழுதியது. ஜெயித்தபின் கட்சி மாறினால் பதவி போகும் என்ற கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. சர்க்காரியா கமிஷன் 1988-ல் ஆளுநர்களுக்கு ஒரு வரிசை சொன்னது: முதலில் தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி, அடுத்து மற்றவர் ஆதரவோடு வரும் தனிப்பெரும் கட்சி, அதன் பிறகுதான் தேர்தலுக்குப் பின் அமைந்த கூட்டணி. பெரும்பான்மையைச் சபையில்தான் சோதிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்று 1994-ல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 1952-ல் காங்கிரசை முதலில் கூப்பிட்டது தவறு என்று சொல்ல முடியாது. அது தனிப்பெரும் கட்சி, சபையில் 200 ஓட்டையும் காட்டியது. உறுத்துவது, மக்களைச் சந்திக்காத ஒருவரை நியமன வாசல் வழியாகக் கொண்டுவந்ததுதான். தனியாகக் கட்சி மாறுகிற உறுப்பினரை இன்றைய சட்டம் தடுக்கும். ஆனா ஒரு கட்சி முழுசா இன்னொரு அணிக்கு ஆதரவு கொடுத்தா சட்டம் தொடாது. தென் ஆற்காட்டு வாக்காளரின் நிலைமை இன்றைக்கும் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

அதனால அடுத்த தடவை கூட்டணிச் செய்தி வரும்போது, யாருக்கு எத்தனை சீட் என்பதோட நிறுத்திக்காதீங்க. பெரும்பான்மை வரலன்னா நீங்க யாரோட போவீங்கன்னு உங்க வேட்பாளர்கிட்ட கேளுங்க. முன்னாடியே பதில் சொன்னா, அதையும் சேர்த்துத்தான் நீங்க ஓட்டுப் போடறீங்க. சொல்லலன்னா, அந்த முடிவை அவங்க கையில விட்டுட்டு வரீங்க. ரெண்டுல எது நடக்குதுன்னு தெரிஞ்சு பட்டனை அழுத்தினா போதும்.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.